கல்யாண வீடியோவில் கதை எங்கே?



நம் இல்லங்களில் பெரும் பொருட்செலவில் வாங்கப்பட்டு, மிகக் குறைவாகப் பயன்படும் பொருள் எது என்று கேட்டால், திருமண வீடியோ என்று தயங்காமல் சொல்லிவிடலாம். கைக்கு வந்த வாரத்தில் குடும்பத்தார் அனைவரும் கூடி அமர்ந்து ஒருமுறை பார்க்கின்றோம். அப்பொழுதும், "அதோ சாச்சா வருகிறார்", "இதோ நம் சம்பந்தி வீட்டார்" என்று ஆளை அடையாளம் காட்டுவதிலேயே பொழுது கழிந்துவிடுகின்றது. இரண்டாம் முறை பார்க்கும்பொழுது, வேகமாக ஓட்டும் பொத்தானை விரல் தானாகவே தேடுகின்றது. மூன்றாம் முறை என்பது பெரும்பாலான வீடுகளில் நிகழ்வதேயில்லை.

கேமராவின் தரம் குறைவு என்பதால் இவ்வாறு நேர்வதாக எண்ணிவிட வேண்டாம். தாமரைப் பூ விரிந்து அதற்குள் மாப்பிள்ளை தோன்றுவதும், இதய வடிவச் சட்டத்துக்குள் ஊர்ப் பெரியவர்கள் சுழல்வதும் 1990-களின் அலங்காரங்கள். இன்று டிரோன் மண்டபத்தின் மேலே பறக்கின்றது. மணமகன் மெதுவாக, மிக மெதுவாக நடந்து வருகின்றார். அலங்காரம் மாறியிருக்கின்றதே தவிர, பார்ப்பவரின் கொட்டாவி மாறவில்லை. யார் யார் வந்தார்கள் என்ற கணக்கு அந்த வீடியோவில் இருக்கின்றது. அதில் ஒரு கதை இல்லை.

கதை என்றவுடன் சினிமாவை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். நிக்காஹுக்கு முன்பே இருவரையும் கடற்கரையிலும் தோட்டத்திலும் ஜோடியாக நிறுத்திப் படம் பிடிக்கும் வழக்கம் இப்பொழுது பரவி வருகின்றது. நிக்காஹ் ஆகாதவரை அவ்விருவரும் அந்நியர்களே என்பதை நன்கறிந்த வீடுகள்கூட அதற்கு இசைந்து போவது வியப்பளிக்கின்றது. நாம் சொல்லும் கதை அதுவன்று. நம் பெத்தாமார்களும் நன்னிமார்களும் இரவில் நமக்குச் சொன்னார்களே, அந்தக் கதை. ஒருவர் இருந்தார், அவருக்கு ஒன்று வேண்டியிருந்தது, அது கைகூடுமோ கூடாதோ என்ற தவிப்பு இருந்தது, இறுதியில் இன்னது நடந்தது. இவ்வளவுதான் கதை. இவை அத்தனையும் நம் வீட்டுத் திருமணம் ஒவ்வொன்றிலும் இருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவோம். திருமணத்தில் வீடியோ எடுப்பதே கூடாது எனும் ஆலிம்கள் உண்டு. வரம்புகளோடு அனுமதிப்போரும் உண்டு. அந்த விவாதத்தை மார்க்க அறிஞர்களிடமே விட்டுவிடுவோம். எடுப்பதென்று தீர்மானித்துவிட்ட இல்லங்களுக்காகவே இக்கட்டுரை.

யாருடைய கதை?

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். வாப்பா மவுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூத்த மகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு சவூதிக்குப் பயணமானான். அங்கிருந்தபடியே தங்கைக்கு மாப்பிள்ளை பேசி, நாள் குறித்து, பதினைந்து நாள் விடுப்பில் ஊர் வந்திருக்கின்றான். நிக்காஹ் சபையில் வாப்பா அமர வேண்டிய இடத்தில், வலியாக இன்று அமர்ந்திருப்பவன் அவன்தான்.

வெளியூரிலிருந்து வந்த வீடியோக்காரருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. வெள்ளைச் சட்டை அணிந்த இளைஞன் ஒருவன் பெரியவர்களுக்கு நடுவே அமர்ந்திருக்கின்றான் என்பது மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆகவே கேமரா மாப்பிள்ளையின் மாலையையும், சபைக்கு வந்த பிரமுகரின் பொன்னாடையையும் சுற்றிச் சுற்றி வருகின்றது. "நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்ற சொல்லைச் சொல்லுமுன் அந்த அண்ணன் ஒரு கணம் திணறியதை யாரும் பிடிக்கவில்லை. அந்த வீட்டாருக்கு அந்த ஒரு கணமே திருமணம். அது போய்விட்டது. போனது போனதுதான், மற்றொரு முறை எடுக்க இயலாது.

ஆகவே, வீடியோக்காரரிடம் எத்தனை கேமரா, எத்தனை ஆல்பம் என்று பேரம் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே அவரை வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து அரைமணி நேரம் பேசுங்கள். இந்தத் திருமணத்துக்காக அதிகம் தவித்தவர் யார், யார் இல்லாத குறை இந்த வீட்டில் உணரப்படுகின்றது, யார் எங்கிருந்து வருகின்றார் என்பதையெல்லாம் சொல்லுங்கள். தையல் இயந்திரத்தை மிதித்தே மகளைக் கரைசேர்த்த உம்மாவின் கதையாக அது இருக்கலாம். தாமே வளர்த்த பேரனுக்குச் செருப்பு எடுத்து வைக்கும் நன்னாவின் கதையாகவும் இருக்கலாம். ஒருவரை முடிவு செய்துவிட்டால், எதை எடுப்பது எதை விடுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அந்த ஒருவரின் முகத்தை விடாமல் பின்தொடரச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை, ஒரு கிண்ணம் சூப்புக்கு அடுத்தும், சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தைக்கு அடுத்தும், ஒரு பெண்ணுக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றே. பார்த்தவர்களோ, பசியையும் துயரத்தையும் ஆசையையும் அவர் எவ்வளவு அருமையாக நடித்துவிட்டார் என்று வியந்தார்கள் என்பது திரைப்பட வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. பார்ப்பவரின் மனமே இரு படங்களுக்கும் இடையே உணர்ச்சியை இட்டு நிரப்பிக்கொள்கின்றது. மாப்பிள்ளை தப்தரில் கையெழுத்திடும் காட்சியை மட்டும் காட்டினால் அது ஒரு கையெழுத்து. அடுத்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் வாப்பாவுடைய முகத்தை ஐந்து வினாடி காட்டினால், சோக இசை எதுவும் அங்கே தேவைப்படாது.

ஊரிலிருந்து தொடங்குங்கள்

நம் வீடியோக்கள் எப்படித் தொடங்குகின்றன? அழைப்பிதழைக் காட்டி, அதன்மேல் மின்னும் எழுத்துக்களை ஓடவிட்டு! உமறுப்புலவர் சீறாப்புராணத்தை எவ்வாறு தொடங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். கடவுள் வாழ்த்துக்குப் பின் நாட்டுப் படலம். அதன்பின் நகரப் படலம். அப்புறம்தான் மாந்தர்களின் வரலாறு. முதலில் நிலத்தைக் காட்டு, பிறகு ஊரைக் காட்டு, அதன் பின்னரே ஆளைக் காட்டு என்பது தமிழ்க் காப்பியங்களின் பழைய முறை. திரைப்படக் கல்லூரிகளில் இன்று கற்பிக்கப்படும் பாடமும் ஏறத்தாழ இதுவே.

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பிந்திய தெரு, பள்ளிவாசல் மினாரா, பந்தற்காலில் கட்டிய குழல்விளக்கு இன்னும் அணைக்கப்படாமல் எரிவது, பின்கட்டில் பண்டாரி அடுப்பு மூட்டுவது, சட்டி சட்டியாக வெங்காயம் உரிக்கும் பெண்களின் கைகள் என்று இரண்டு நிமிடம் காட்டினால் போதும். டிரோன் வைத்திருப்பவர் அதை இங்கே பயன்படுத்தட்டும். நிக்காஹ் குத்பா நடக்கும்பொழுது தலைக்குமேல் வண்டாக ரீங்கரிக்க விட வேண்டாம்.

ஊர் என்பது வெறும் பின்னணி அன்று. கதையின் போக்கையே அது முடிவு செய்துவிடும். நம் ஊர்களில் பெரும்பாலானவற்றில் மணப்பெண் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படுகின்றாள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வழக்கம் வேறு. அங்கே பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகின்றார். ஆகவே, பெண் அழுதுகொண்டே காரில் ஏறும் சினிமாக் காட்சியை அவ்வூர் வீடியோவில் புகுத்துவது பொருந்தாது. அங்கே வாசற்படி தாண்டுபவர் மாப்பிள்ளை. புதிய வீட்டில் தமக்கு எது இடம் என்று தெரியாமல் திகைத்து நிற்பவரும் அவரே. கூச்சத்தோடு நுழையும் அந்த நடையை எந்த வீடியோக்காரராவது பொறுமையாக எடுத்ததுண்டா?

இரு சபைகள், ஒரு திருமணம்

நம் திருமணங்களுக்கு மட்டுமே உரிய ஓர் அமைப்பைக் கவனியுங்கள். ஆண்கள் சபை ஓரிடத்தில். பெண்கள் பகுதி மற்றோரிடத்தில். ஒரே நேரத்தில் இரு இடங்களில் ஒரு திருமணம் நிகழ்கின்றது. அங்கே நடப்பது இவர்களுக்குத் தெரியாது. இங்கே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. வீடியோக்காரர்கள் பலர் இதை ஒரு தொல்லையாகக் கருதுகின்றார்கள். உண்மையில் கதை சொல்பவருக்கு இது பெரும் வாய்ப்பு.

இரண்டு இடங்களில் நடப்பதை மாறி மாறிக் காட்டி ஆவலை வளர்க்கும் முறையை, அமெரிக்காவின் டி.டபிள்யூ. கிரிஃபித் 1909-ஆம் ஆண்டிலேயே தம் குறும்படங்களில் திறம்படக் கையாண்டார். நம் நிக்காஹில் அது இயல்பாகவே அமைந்து கிடக்கின்றது. பல ஊர்களில் வக்கீல் இரண்டு சாட்சிகளோடு எழுந்து, பெண்ணிடம் சம்மதம் கேட்கப் பெண்கள் பகுதியை நோக்கிச் செல்வார். சபை முழுவதும் காத்திருக்கும். அவர் திரும்பி வந்து பெண்ணின் சம்மதத்தை எடுத்துரைக்கும் வரை அடுத்த காரியம் நடைபெறாது. திருமணத்தின் முடிச்சு முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு பெண்ணின் ஒரு சொல்லில் தொங்குகின்றது! நம் வீடியோக்களிலோ அந்த நேரத்தில் பெரும்பாலும் கேமரா மேடையில் சந்தன மாலையைப் படம்பிடித்துக்கொண்டிருக்கும். அல்லது பேட்டரி மாற்றப்பட்டுக்கொண்டிருக்கும்.

அந்த மூவரின் முதுகைப் பின்தொடர்ந்து கேமரா வாசல் வரை செல்லட்டும். திரைச்சீலையோடு அது நின்றுவிடட்டும். உள்ளே கேட்கும் குரல் போதும். அதேபோல், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாக ஒலிபெருக்கியில் சொல்வதைப் பெண்கள் பகுதியில் கேட்கும் மணப்பெண்ணின் மருதோன்றிக் கைகள், அருகில் அமர்ந்த உம்மா அக்கையைப் பற்றிக்கொள்வது, கருகமணியை ஏந்தி மாப்பிள்ளையின் சகோதரி எழுந்திருப்பது. முகம் காட்டாமலேயே இவ்வளவும் சொல்லலாம். பர்தா பேணும் வீட்டில் நல்ல வீடியோ எடுக்க இயலாது என்று சொல்பவர், முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கப் பழகாதவர் என்றே கொள்ள வேண்டும்.

பெண்கள் பகுதியை விரிவாக எடுக்க விரும்புவோர் பெண் கலைஞரை அமர்த்திக்கொள்ளுங்கள். இன்று பல நகரங்களில் அவர்கள் கிடைக்கின்றார்கள். அப்படி எடுத்தாலும் அதைத் தொகுப்பவர் யார், எந்தக் கணினியில் அது தங்கியிருக்கும், வேலை முடிந்தபின் அழிக்கப்படுமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தங்கள் கடை விளம்பரத்துக்காக நம் வீட்டுப் பெண்களின் காட்சிகளை இணையத்தில் ஏற்றிவிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் தடுத்துவிடலாம். ஏறியபின் இறக்குவது கடினம்.

காதுக்கு உரியது

படம் சற்று மங்கலாக இருந்தாலும் மனம் பொறுத்துக்கொள்ளும். ஒலி கெட்டால் ஒன்றும் மிஞ்சாது. நிக்காஹ் என்பதே சொற்களால் ஆகும் ஒப்பந்தம். வலி கொடுத்தேன் என்கின்றார்; மணமகன் ஏற்றுக்கொண்டேன் என்கின்றார்; சாட்சிகள் அதைக் கேட்கின்றார்கள். அந்தச் சொற்களின் மீது சினிமாப் பாட்டை ஏற்றி மூழ்கடித்துவிட்டு, மூன்று மணி நேர வீடியோவைக் கையில் கொடுப்பது என்ன நியாயம்?

கேமராவில் உள்ள மைக், பத்தடி தள்ளி நிற்கும் சிறுவனின் கூச்சலையே நன்றாகப் பதியும். மாப்பிள்ளையின் சட்டையிலும் வலியின் சட்டையிலும் சிறு மைக் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்காரரின் கருவியிலிருந்தும் நேரடியாக ஒரு பதிவு எடுத்துக்கொள்ளலாம். ஹஜ்ரத் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுவிடுவது மரியாதை.

பாட்டைப் பற்றி ஒரு சட்டச் செய்தி. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், சமயச் சடங்குகளின்போது பாடல்களை இசைப்பதற்கு விலக்கு அளிக்கின்றது. திருமண ஊர்வலமும் திருமணத்தைச் சார்ந்த விழாக்களும் அதில் அடங்கும். ஆகவே பந்தலில் நாகூர் ஹனீபா அவர்களின் பாடலை ஒலிக்கவிடுவதில் தடையில்லை. ஆனால், ஒரு பாடலை வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றுவது வேறு காரியம். பதிப்புரிமை உடையவர் கோரிக்கை எழுப்பினால் ஒலியே அடக்கப்பட்டுவிடக்கூடும். பந்தலில் ஒலித்ததை ஒலித்தவாறே விடுங்கள். கூடவே பண்டாரியின் கரண்டிச் சத்தமும் பிள்ளைகளின் சிரிப்பும் இருக்கட்டும். முப்பது ஆண்டுகள் கழித்துக் கேட்கும்பொழுது எந்த இசையமைப்பாளரும் தர முடியாத இசை அது.

வீட்டு மூத்தவர்களின் குரலைத் தனியே பதிவு செய்வது மிக முக்கியம். திருமண நாளில் மேடையருகே மைக்கை நீட்டி, "மணமக்களை வாழ்த்திப் பேசுங்கள்" என்றால் எல்லோரும் ஒரே வாக்கியத்தையே சொல்வார்கள். இரண்டு நாள் முன்னதாக, அமைதியான அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு நன்னியை அமர்த்துங்கள். உங்கள் கல்யாணத்தில் என்ன சமைத்தார்கள், எத்தனை நாள் நடந்தது, மஹர் எவ்வளவு, மாப்பிள்ளையை முதன்முதலில் எப்பொழுது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். "எப்படி உணர்ந்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. நெய்ச்சோற்றைப் பற்றிக் கேட்டால், அதோடு சேர்ந்து அந்தக் காலமே வந்துவிடும். கேள்வி முடிந்ததும் கேமராவை உடனே நிறுத்தாதீர்கள். அதன்பின் வரும் மௌனத்தில்தான் சில நேரம் நல்ல பேச்சு பிறக்கின்றது. இந்தக் குரலை, பேத்தியின் மருதோன்றிக் காட்சியின் மீது ஒலிக்கவிட்டுப் பாருங்கள். இரண்டு தலைமுறைத் திருமணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும்.

வெட்டுவதும் சேர்ப்பதும்

எடுக்கும் முறை பற்றி நீண்ட பாடம் தேவையில்லை. ஒரே இடத்தைத் தொலைவிலிருந்து ஒன்று, நடுத்தூரத்தில் ஒன்று, மிக அருகில் ஒன்று என மூன்று விதமாக எடுத்தால் தொகுப்பவருக்கு உதவும். ஒவ்வொன்றையும் பத்து வினாடியாவது ஆடாமல் பிடிக்க வேண்டும். மெதுவாக நகரும் காட்சி முழு வீடியோவில் இரண்டு மூன்று போதும். எல்லாவற்றையும் மெதுவாக்கினால் எதற்குமே அழுத்தம் இல்லாமற்போகும்.

தொகுத்த படம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அப்படியானால் மேடையேறிக் கைகுலுக்கிய முந்நூறு பேரும் என்ன ஆவார்கள்? அவர்களைத் தூக்கியெறிய நாம் சொல்லவில்லை. பந்தியில் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட அந்த முகங்களில் எத்தனை பேர் அடுத்த பத்தாண்டில் நம்மோடு இருப்பார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான். இன்று அலுப்பூட்டும் அந்தக் கணக்கு, பின்னாளில் ஒரு வீட்டுக்குப் புதையலாகிவிடும். ஆகவே இரண்டும் வேண்டும். முழுப் பதிவை வெட்டாமல் தனியே வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள். பார்ப்பதற்கும், வெளிநாட்டிலுள்ள காக்காவுக்கும் மச்சானுக்கும் அனுப்புவதற்கும் இருபது நிமிடக் கதை. அதிலும் பெண்கள் பகுதி இல்லாத பிரதி ஒன்று தனியே இருப்பது நல்லது. எது யார் கைக்குப் போக வேண்டும் என்பதில் அப்பொழுது தடுமாற்றம் வராது.

அலமாரியில் உள்ள கேசட்டுகள்

1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி நம் நாட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் டெக்கைச் சுமந்து வந்த காலமும் அதுவே. அன்று நம் வீடுகளில் எடுத்த திருமணக் கேசட்டுகள் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. விடுப்புக் கிடைக்காமல், மகளின் நிக்காஹைத் துபாயிலோ ஜித்தாவிலோ ஓர் அறையில், நண்பர்களோடு கேசட்டில் மட்டுமே பார்த்த வாப்பாமார்கள் எத்தனை பேர்!

1976-இல் ஜப்பானில் அறிமுகமான வி.ஹெச்.எஸ். முறைக்கு இன்று புதிய டெக் கிடையாது. கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய டெக்குகளும் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. நாடாவோ கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கின்றது. அதன் காந்தப் பூச்சும் ஆண்டுக்கு ஆண்டு நலிகின்றது. பூஞ்சை பிடித்ததை டெக்கில் போட்டு ஓட்டினால் நாடாவும் கெடும், டெக்கும் கெடும். தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, கணினிக் கோப்பாக மாற்றிவிடுங்கள்.

அவ்வாறு மாற்றிய மூன்று மணி நேரத்தையும் வைத்துக்கொண்டு, இன்றைய இளைஞர் ஒருவர் வீட்டுக் கணினியிலேயே இருபது நிமிடக் கதை ஒன்றைத் தொகுத்துவிடலாம். அதற்கு முன், கேசட்டின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டைப் படமெடுத்து வையுங்கள். பிறகு, அந்தத் திருமணத்துக்கு வந்திருந்த மூத்தவர் ஒருவரை அருகில் அமர்த்திப் படத்தை ஓடவிடுங்கள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, இவர் இன்னார் மகன், இவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர், இந்தப் பிள்ளைதான் உன் உம்மா என்று சொல்லிக்கொண்டே போவார். அதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து அந்தப் படத்தோடு சேர்த்துவிடுங்கள்.